எதிர்க்கத்தி பிடித்தவர்கள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்து இன்று ஊருக்குள்ளேயே வந்துவிட்ட பசுமலை, திருவிளையாடற் புராணத்தின் கணக்குப்படி ஒரு வில்லனின் உடல். அனந்தகுண பாண்டியன் காலத்தில் மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி வளர்த்து முதலில் ஒரு நாகத்தை அனுப்பினார்கள், அது வீழ்ந்து நாகமலை ஆயிற்று. பிறகு ஒரு மாயப் பசுவை ஏவினார்கள், சிவபெருமான் நந்தியை அனுப்ப, அந்தப் பசு இடபத்தின் அழகில் மயங்கி உயிர்விட்டு மலையாய்க் கிடந்தது என்று பரஞ்சோதி முனிவர் பாடுகிறார். வடகிழக்கில் கிடக்கும் ஆனைமலைக்கும் இதே கதைதான். ஊரைச் சுற்றி, தோற்றுப் போனவர்கள் மலைகளாகக் காவல் நிற்கிறார்கள்.

பசுமலைக்குப் பக்கத்திலேயே திருப்பரங்குன்றம். சூரபதுமனை வென்ற முருகன் தெய்வானையை மணந்த இடம். ஐப்பசி மாதம் கந்த சஷ்டியில் அங்கே சூரசம்ஹாரம் பார்க்கக் கூடும் கூட்டம், சூரன் இல்லாமல் அந்த விழா இல்லை என்பதை அறிந்த கூட்டம். சூரன் தலை மாற்றி மாற்றி வரும்போதுதான் குழந்தைகள் தகப்பன் தோளில் ஏறி நிற்கின்றன. வென்றவனிடமே தோற்றவன் சேவற்கொடியாகவும் மயிலாகவும் தங்கிவிடுகிறான்.

வென்றவர் சொல்லும் கதையில் தோற்றவருக்குப் பேச இடம் கிடைப்பதில்லை. புராணம் கொடியவர்களாகக் காட்டிய சமணர்களின் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் ஆனைமலையிலும், நாகமலையை அடுத்த சமணர் மலையிலும் அமைதியாக வேறொரு வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தோற்றவர்களுக்காகப் பேசப் பசுமலையில் ஒரு வழக்கறிஞரும் வாய்த்தார். எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியின் இளமைத் தோழராக இருந்து, பின்னாளில் பசுமலையில் குடியேறி வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார்தான் அவர். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்று ஒரு நூலே எழுதினார். தமிழ்நாட்டுப் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்த்த கைகேயிக்காக, சட்டம் படித்த மூளையோடு வாதாடிய நூல் அது. பிழை கணவனுடையது, மனைவி காத்தது அவனுடைய வாக்கை என்பது அவர் வாதம்.

கொடியவர் வேடத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட மண்ணிலிருந்துதான் தமிழ் சினிமாவின் வில்லன் நடிகர்கள் வந்தார்கள். பிறந்த ஊர் அவர்களுக்கு வேறு வேறாக இருந்தது. படித்த பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘மதுரை’ என்று எழுதியிருந்தது.

அந்தப் பள்ளிகளுக்குப் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். 1867-இல் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவரைத் தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராக எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன்பு அவர் என்ன வேடம் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன்: இவைதாம் அவருடைய வேடங்கள். நளன் நாடகத்தில் சனீஸ்வரனாக ஆடிவிட்டு விடியற்காலையில் அரிதாரத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனபோது, அந்தக் கோலத்தை இருட்டில் கண்ட பெண் ஒருத்தி அதிர்ந்து உயிர்விட்டாள் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் போட்ட கூச்சலில் பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது என்றும் ஒரு கதை உண்டு. இவற்றில் நடந்தது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்பதைவிட, இதன் பிறகு சுவாமிகள் வேடம் கட்டுவதையே நிறுத்திவிட்டார் என்பது முக்கியம். தமிழ் மேடையின் மிகப் பெரிய வில்லன், தன் வேடத்தின் வலுவுக்கே அஞ்சி, அரிதாரத்தைத் துறந்து வாத்தியார் ஆனார். அவரிடம்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தார்கள். 1922-இல் புதுச்சேரியில் அவர் காலமானபோது, அவர் உண்டாக்கிய முறை தென்னாடு முழுவதும் பரவியிருந்தது.

மதுரைப் பெயர் தாங்கிய சபாக்கள் வரிசையாக வந்தன. ஜெகந்நாதய்யரின் மதுரை பாலமீன ரஞ்சனி சங்கீத சபா. சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபா. நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா. எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார்கள். சிவாஜி கணேசன் பொன்னுசாமிப் பிள்ளையிடம் சேர்ந்தார். எம்.ஆர். ராதா ஜெகந்நாதய்யரிடம் இருந்தார்.

வறுமைதான் பெரும்பாலான பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விட்டது. மூன்று வேளைச் சோறு உறுதி. பதிலுக்குப் பிள்ளையின் நாள் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். விடியலில் பாட்டு, பிறகு வசனப் பாடம், உடற்பயிற்சி, இரவு முழுவதும் நாடகம். அடியும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கண்ணீரின் மேல்தான் தமிழ் நடிப்புக்கலை நிற்கிறது என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

ராஜா வேடத்துக்கு ராஜபார்ட், பெண் வேடத்துக்கு ஸ்திரீபார்ட், கள்ளன் வேடத்துக்குக் கள்ளபார்ட், சிரிக்க வைக்கப் பபூன். ஒரு பையன் எந்தப் பார்ட்டுக்குப் போவான் என்பதை முதலில் குரல் முடிவு செய்தது. ஐந்து கட்டையில் பாடும் பிள்ளை ராஜபார்ட். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றைய அபிமன்யு இன்று ஒன்றுமில்லாதவன். பி.யு. சின்னப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. குரல் உடைந்த காலத்தில் அவர் சிலம்பமும் குஸ்தியும் கற்றார். பிற்பாடு 1940-இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் நல்லவனும் கெட்டவனுமாக இரட்டை வேடத்தில் அவர் நின்றபோது, அந்தக் கெட்ட காலத்துச் சிலம்பம் கை கொடுத்தது.

பாட்டு போனவனுக்கு மேடையில் மிஞ்சியது வசனம், உடம்பு, கண். இந்த மூன்றும் வில்லனின் கருவிகள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் சிரிப்பின் கொடுமை எட்ட வேண்டும். புருவம் ஏறுவது கியாஸ் லைட் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். கத்தி வீச்சில் எதிராளி பையன்மேல் ஒரு கீறல் விழக்கூடாது, ஆனால் பார்ப்பவர் நெஞ்சு பதற வேண்டும். தமிழ்த் திரையில் நாம் கண்ட வில்லத்தனத்தின் இலக்கணம் இந்தக் கட்டாயங்களில்தான் உருவாயிற்று.

இந்த இலக்கணத்தைத் திரைக்குக் கொண்டுபோன முதல் பெரும் வில்லன் டி.எஸ். பாலையா. 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’ எம்.ஜி.ஆருக்கும், என்.எஸ். கிருஷ்ணனுக்கும், பாலையாவுக்கும், ஏன், இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் முதல் படம். டங்கன் அமெரிக்கர், ஓஹியோ மாநிலத்துக்காரர். தமிழ் தெரியாமலேயே தமிழில் நல்ல படங்கள் தந்தவர். அதில் குடிப்பழக்கத்துக்கு நண்பனை இழுத்துவிட்டுக் குடும்பத்தைக் கெடுக்கும் ராமநாதனாகப் பாலையா வந்தார். கிரீடம் வைத்த அசுரனுக்குப் பழகிய ரசிகர்கள், கோட்டுப் போட்ட, சிரித்துப் பேசுகிற, பக்கத்து வீட்டுக்காரனைப் போன்ற ஒரு கெட்டவனைப் பார்த்தார்கள்.

அந்தப் படத்துக்கும் மதுரைக்கும் ஒரு வழக்கே நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆடிப் புகழ்பெற்ற ‘பதிபக்தி’ நாடகமும் அதே ஆண்டு படமாயிற்று. இரண்டு கதைகளும் ஒன்றுபோல் இருக்க, கதைத் திருட்டு என்று விவகாரம் நீதிமன்றம் போனது. ‘சதி லீலாவதி’யின் மூலக்கதையை எழுதிய எஸ்.எஸ். வாசன், இரண்டுமே ஹென்றி வுட் அம்மையார் 1860-இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில நாவலிலிருந்து வந்தவைதாம் என்று உண்மையைச் சொன்னதும் வழக்கு முடிந்தது. மதுவிலக்குப் பிரசாரத்துக்காக எழுதப்பட்ட நாவல் அது. இங்கிலாந்துக் கதையை மதுரைப் பிள்ளைகள் மேடையில் தமிழாக்கி, ஒரு அமெரிக்கர் அதைப் போன்ற கதையைக் கிண்டியில் படமாக்குவதற்குள், வில்லன் வேடம் பாதி உலகைச் சுற்றி வந்துவிட்டது.

பாலையா அடுத்த ஆண்டே டங்கனின் ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு கத்திச்சண்டை போட்டார். 1956-இல் ‘மதுரை வீரன்’ படத்தில் நரசப்பனாக வந்து வீரனுக்குக் குழி பறித்தார். 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராகப் பாண்டியன் அவையில் மீசை முறுக்கினார். ஹேமநாதன் கத்தி எடுக்காத வில்லன். ஒரு நாட்டின் இசையையே பணயம் வைக்கச் சொல்லும் ஆணவம்தான் அவனுடைய ஆயுதம். அந்த ஆணவம் உடைகிற இடத்தில், இரவில் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு அவர் முகம் மாறுவதைப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அந்த முகத்துக்கு இணையாகத் தமிழ் சினிமாவில் அதிகம் சொல்ல முடியாது.

மதுரைச் சபாக்களின் வில்லன் மரபுக்கு முழு உருவம் கொடுத்தவர் என்றால் அது எம்.என். நம்பியார்தான். 1919-இல் கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்து, ஊட்டியில் அக்காள் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் சேர்ந்தார். மாதம் மூன்று ரூபாய் சம்பளம் கிடைத்த காலத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் தாய்க்கு அனுப்பினார் என்று சொல்வார்கள்.

அவருடைய ஆசான் பெயரிலேயே ஒரு வில்லன் இருந்தான். ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் ராமதாசரைச் சிறையில் அடைக்கும் கோல்கொண்டா நவாபாக நடித்து அசத்தியதால் ராஜமாணிக்கத்துக்கு ‘நவாப்’ பட்டம் ஒட்டிக்கொண்டது. 1935-இல் அந்த நாடகம் படமானபோது பெண் வேடங்களையும் கம்பெனி ஆண்களே கட்டினார்கள். நம்பியாருக்கு அதுதான் முதல் படம்; சிறிய நகைச்சுவை வேடம். எஸ்.டி. சுந்தரத்தின் ‘கவியின் கனவு’ நாடகத்தில் ராஜகுருவாக வந்தபோதுதான் அவருக்குள் இருந்த கொடியவனை ஊர் கண்டது.

1950 நம்பியாரின் ஆண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் மறுபடியும் ராஜகுரு. டங்கன் இயக்கம், மு. கருணாநிதி வசனம். அதே நிறுவனம் அதே ஆண்டு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைப் படமாக்கிய ‘திகம்பர சாமியார்’ படத்தில் நம்பியார் நாயகன், பதினொரு மாறுவேடங்கள். வேடத்துக்கு வேடம் நடை, குரல், முதுகின் வளைவு எல்லாம் மாறின. நாயகனாகவே நீடித்திருக்கக்கூடிய ஒருவர் வில்லனாக நிலைத்தது தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த பேறு என்றே சொல்ல வேண்டும். நாயகர்கள் வந்தார்கள், இன்னும் வருவார்கள். நம்பியார் மறுபடி வரவில்லை.

அடுத்த ஆண்டு ‘சர்வாதிகாரி’. 1948-இல் ஹாலிவுட்டில் வந்த ‘தி கேலண்ட் பிளேட்’ படத்தின் கதை. எம்.ஜி.ஆருக்கு எதிரே நம்பியார் மகாவர்மனாக நின்றார். அந்தக் கத்திச்சண்டைகள் வழியாக மதுரை மேடையும் ஹாலிவுட் வாள்வீச்சும் ஒன்றோடொன்று கலந்தன. 1952-இல் ஹாலிவுட்டே சேலத்துக்கு வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ படத்தில் ராட் கேமரன், மேரி வின்ட்சர், சீசர் ரொமேரோ ஆகியோரோடு நம்பியாரும் நடித்தார். அந்த ரொமேரோதான் 1966-இல் ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரில், மீசையை எடுக்க மறுத்து, மீசைமேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ஜோக்கராக வந்தவர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளையும் பின்னாளைய ஜோக்கரும் ஒரே படத்தில் நடித்தார்கள் என்பதை நம்மவர்கள் போதிய அளவு பேசியதில்லை.

நம்பியாருக்கு ஹாலிவுட்டில் ஒரு நேர் உறவைத் தேடினால், அது பேசில் ராத்போன். 1935-இல் வந்த ‘கேப்டன் பிளட்’, 1938-இல் வந்த ‘ராபின் ஹூட்’ இரண்டிலும் எரால் ஃபிளினிடம் வாள்போரில் செத்தவர். உண்மையில் ஃபிளினைவிட ராத்போன்தான் தேர்ந்த வாள்வீரர். கையில் அத்தனை வித்தை இருந்தும், கதை கேட்ட இடத்தில் கேட்ட விதமாகத் தோற்றுக் கொடுத்தார். ‘கேப்டன் பிளட்’ தமிழில் 1965-இல் பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குத் தூண்டுதலானபோது, கடற்கொள்ளைத் தலைவனாக ஆர்.எஸ். மனோகர் வந்தார், நெய்தல் நாட்டுச் சர்வாதிகாரியாக நம்பியார்.

நன்றாகத் தோற்பது பெரிய கலை. வாள் வரும் திசை முன்பே தெரிந்திருந்தும் தெரியாததுபோல் அரைக்கணம் பிந்த வேண்டும். விழும்போது நாயகனின் வலிமை தெரிய வேண்டும், தன் வித்தை தெரியக் கூடாது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சாட்டையைத் தூக்கி மற்றவர்களைக் குலைநடுங்க வைத்த கஜேந்திரன், பிறகு அதே சாட்டைக்கு முன்னால் சுருண்டு ஓடுகிற காட்சியில் எம்.ஜி.ஆருக்குக் கொட்டகை கைதட்டியது. அந்தக் கைதட்டலில் பாதியை நம்பியார்தான் சம்பாதித்துக் கொடுத்தார். முன்பாதியில் அவர் மேல் வெறுப்பு ஏறாமல் பின்பாதியில் அந்த மகிழ்ச்சி வராது. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிய கிழவிகள் எல்லோரும் அவருடைய கலைக்குச் சான்றிதழ் எழுதியவர்கள்.

பி.எஸ். வீரப்பாவின் வழி வேறு. காங்கேயத்துக்காரர். கண்ணை உருட்டி, தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டே படம் எது என்று சொல்லும் ரசிகர்கள் இருந்தார்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி ஆட்டம் ஆடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அந்தக் காட்சியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். ‘மகாதேவி’யில் அவர் விடுத்த மிரட்டல் இன்றும் தமிழர் வீட்டுப் பேச்சில் புழங்குகிறது. 1958-இல் வந்த ‘நாடோடி மன்ன’னில் வீரப்பா ராஜகுரு, நம்பியார் பிங்கலன். இரண்டு வில்லன்களையும் எதிரே நிறுத்தித்தான் எம்.ஜி.ஆர். தன் சொந்தப் பணத்தையெல்லாம் போட்ட அந்தப் படத்தை வென்றெடுத்தார்.

அந்த வெற்றியைக் கொண்டாடியது மதுரை. படம் தோற்றால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று சவால் விட்டிருந்த தி.மு.க. பிரமுகர் மதுரை முத்து முன்னின்று, தமுக்கம் மைதானத்தில் பெருங்கூட்டம் கூட்டி, 110 பவுனில் தங்க வாள் ஒன்றை எம்.ஜி.ஆருக்குப் பரிசாகக் கொடுத்தார். பிற்காலத்தில் அது கொல்லூர் மூகாம்பிகைக்குக் காணிக்கையாயிற்று. வாள்வீச்சுக்குத் தங்க வாள் பரிசு, பொருத்தம்தான். ஆனால் வாள்வீச்சு இருவர் சேர்ந்து செய்யும் தொழில். எதிர்க்கத்தி பிடித்தவர்களுக்கும் அந்த மேடையில் ஒரு மாலை உரியது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மதுரை தன் மண்ணிலிருந்தும் ஒருவரைக் கொடுத்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஓ.ஏ.கே. தேவர். ‘மதுரை வீர’னில் திருமலை நாயக்கர், ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் ஊமைத்துரை. இடி போன்ற குரல். அதே குரலால் எத்தனையோ படங்களில் கொடியவராகவும் வந்தார். அந்த நடிகரைப் பற்றி இன்னும் விரிவாக எழுத யாராவது முன்வர வேண்டும்.

நம்பியாரின் கதையில் எதிரும் புதிருமான இரு முகங்களைச் சொல்லிச் சொல்லிப் பத்திரிகைகள் தேய்த்துவிட்டன: திரையில் கொடியவர், வீட்டில் சைவ உணவு, மதுவைத் தொடாதவர், சபரிமலை குருசாமி. இது முரண் என்று தோன்றுவது அவர் படித்த பள்ளியை அறியாதவர்களுக்குத்தான். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி கிட்டத்தட்ட ஒரு மடம். பிள்ளைகளுக்குப் பிரார்த்தனை உண்டு, உணவிலும் நடத்தையிலும் கண்டிப்பு உண்டு. ‘தசாவதாரம்’, ‘ஏசுநாதர்’, ‘ஐயப்பன்’ என்று பக்தி நாடகங்களைக் கண்ணைப் பறிக்கும் காட்சி அமைப்புகளோடு போட்டவர் அவர். மலையாளக் காட்டுக் கோயிலாக மட்டும் இருந்த சபரிமலையைத் தமிழ்நாட்டின் ஊர்ஊருக்கும் அறிமுகம் செய்ததில் அந்த ‘ஐயப்பன்’ நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு புதிய பஞ்சலோகச் சிலையை அளித்ததில், ஒரு காலத்தில் மதராஸ் மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த மதுரையின் பி.டி. ராஜன் பெயரோடு நவாப் ராஜமாணிக்கம் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. பிரதிஷ்டைக்கு முன் அந்தச் சிலை தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக வந்தது.

அந்த ஆசானின் மாணவர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மலைக்குப் போனார். பின்னால் நடிகர்கள், தொழில்நுட்பக்காரர்கள், ரசிகர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் இருமுடி கட்டிக்கொண்டு போனது. கார்த்திகை தோறும் விரதம் இருந்தவருக்கு உடம்பும் குரலும் தொண்ணூறு வயதை நெருங்கியும் தளரவில்லை. பாய்ஸ் கம்பெனி கொடுத்த ஒழுங்கைத்தான் அவர் மலைப்பாதையிலும் கடைசி வரை காத்தார். வில்லன் வேடத்துக்கு வேண்டிய உடற்கட்டும் அந்த ஒழுங்கிலிருந்தே வந்தது.

எம்.ஆர். ராதா இந்த வரிசையில் நின்றும் நிற்காதவர். வில்லனைக் கொண்டே சமூகத்தை விசாரித்தவர். ‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரத்தை வில்லன் என்பதா, நாயகன் என்பதா? திருவாரூர் கே. தங்கராசு எழுதிய அந்த நாடகம் 1954-இல் படமானது. தொழுநோயால் அழுகிப் போன ஒருவன் கரகரத்த குரலில் பேசப் பேச, கூட்டம் அவனை வெறுத்துக்கொண்டே அவன் சொல்வதற்கெல்லாம் கைதட்டியது. கீச்சுக் குரலிலிருந்து அடித்தொண்டைக்கு ஒரே மூச்சில் இறங்கும் அந்த வித்தை, மகரக்கட்டுக்குப் பின் பிழைத்த மேடைப் பிள்ளைகளின் வித்தை.

ஆர்.எஸ். மனோகர் இன்னொரு படி மேலே போனார். திரையில் அடியாளாகவும் கொள்ளைக்காரனாகவும் உதை வாங்கியவர், தன் நேஷனல் தியேட்டர்ஸ் மேடையில் இராவணனுக்கு ‘இலங்கேஸ்வரன்’ என்று முடிசூட்டினார். பிறகு சூரபத்மன், நரகாசுரன், சிசுபாலன், இந்திரஜித், சுக்கிராச்சாரியார் என்று புராணத்தில் தோற்றவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துவந்து மேடையின் நடுவில் நிறுத்தினார். நாவலர் பாரதியார் கைகேயிக்காக ஏட்டில் செய்ததை மனோகர் தந்திரக் காட்சிகளோடும் தூய தமிழ் வசனத்தோடும் ஆயிரக்கணக்கானவர் முன் செய்தார் என்று சொல்வது மிகையல்ல. சபா மேடைகளில் குடும்ப நாடகங்களும் சிரிப்பு நாடகங்களும் பெருகிய காலத்தில், அசுரர்களை நம்பி ஒரு கம்பெனியைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டினார்.

பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எழுபதுகளின் இறுதியில் ராஜா ராணிப் படங்களும் ஓய்ந்தன. எதிர்க்கத்திக்கு வேலையில்லாமல் போயிற்று. எதிரே நின்ற நாயகன் எம்.ஜி.ஆரோ அரசியலுக்குப் போய், 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் வென்று மீண்டும் முதலமைச்சராக அமர்ந்தார். 1982-இல் பாக்யராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் நம்பியார் ஊர்க் குஸ்தி வாத்தியாராக, பாசமும் கோபமும் நிறைந்த நல்ல மனிதராக வந்தார். இத்தனை காலம் அவரைத் திட்டியவர்கள் அன்று அவருக்காகக் கண் கலங்கினார்கள். 2008 நவம்பர் 19 அன்று, மலைக்கு மாலை போடும் கார்த்திகையின் முதல் வாரத்தில், சென்னையில் காலமானார்.

வில்லன் நடிகர்களை வளர்த்த மதுரைக்குத் தமிழ் சினிமா பிறகு கொடுத்த வேடம்தான் நெஞ்சை உறுத்துகிறது. 2004-இல் வந்த ‘கில்லி’ தெலுங்கு ‘ஒக்கடு’வின் தழுவல். மூலத்தில் வில்லனின் ஊர் கர்னூல். தமிழுக்கு வந்தபோது அந்த இடத்தில் மதுரையை வைத்தார்கள். பிரகாஷ்ராஜின் முத்துப்பாண்டி அருமையான வில்லன், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் பின் வரிசையாக வந்த படங்களில் மதுரை என்றாலே அரிவாள், சுமோ வண்டி, வெட்டு, பழிக்குப் பழி என்று ஆகிவிட்டது. நடிகருக்கு இருந்த இலக்கணத்தைக் கழற்றிவிட்டு ஊரையே வில்லன் ஆக்கிவிட்டார்கள். இந்த ஊர் கற்றுக்கொடுத்த வில்லத்தனத்துக்குக் குரல் பயிற்சி இருந்தது, உச்சரிப்பு இருந்தது, எதிராளிமேல் கீறல் விழாமல் கத்தி வீசும் பொறுப்பு இருந்தது. மதுரையைப் படமெடுக்க வருகிறவர்கள் அரிவாளைத் தேடுவதற்கு முன்பு, சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஊர் இது என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.